கொழுந்துக்கூடையும் நஞ்சுக்கொடியும்

“அதுக்கு வேண்டியதை அது எடுத்துக்கும்.” முழுகாமல் இருக்கும் மருமகள் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை என்று ரொட்டியை ஒதுக்கி வைக்கும்போது தேயிலைத் தோட்ட லயத்து மாமியார்கள் சொல்லும் ஆறுதல் இது. தாய் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பிள்ளை தன் பங்கை அவள் உடம்பிலிருந்து எப்படியும் எடுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. இதற்கு நேர்மாறான பேச்சும் அதே லயத்தில் உண்டு: நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், பிரசவம் கஷ்டமாகும், வயிற்றைக் கட்டு. முதலாவது பேச்சு நஞ்சுக்கொடியின் திறமையை மிகைப்படுத்துகிறது. இரண்டாவது, தாயின் சாப்பாட்டுக்கும் பிள்ளையின் நிறைக்கும் தொடர்பு உண்டு என்பதைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, ஆபத்தான முடிவுக்குப் போகிறது. கெட்டிக்கார உறுப்பான நஞ்சுக்கொடியாலும் தாயின் இரத்தத்தில் இல்லாத ஒன்றை உண்டாக்கிக் கொடுக்க முடியாது.

மலையகத்தில் இது ஏட்டுச் செய்தி அல்ல. 2016ஆம் ஆண்டின் தேசிய குடிசன, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் அது 31.7 வீதம். நாட்டில் பிறக்கும் பிள்ளைகளில் 15.7 வீதம் 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறந்ததையும் அதே அளவீடு காட்டியது. தோட்டங்களின் பங்கு அதிலும் கூடுதல். இந்தக் குறையில் ஒரு பகுதி பால்குடி காலத்திலும் பகலில் பிள்ளைகளை விடும் பிள்ளைக்காம்பராவிலும் சேர்வது. இன்னொரு பகுதி பிறக்கும் முன்பே சேர்ந்துவிடுகிறது. அது எப்படி என்று பார்க்க, பிரசவம் முடிந்ததும் யாரும் திரும்பிப் பார்க்காத உறுப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நிறைமாதத்தில் நஞ்சுக்கொடி ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். அகலம் 20 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல், நடுவில் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தடிப்பு. தாயின் பக்கம் கருஞ்சிவப்பு; ஆழமான வெடிப்புகளால் பதினைந்து இருபது கதுப்புகளாகப் பிரிந்திருக்கும். பிள்ளையின் பக்கத்தைத் திருப்பினால் வேறொரு உறுப்போ என்று தோன்றும்: வழுவழுப்பான, சாம்பல் கலந்த நீலப் பளபளப்பு, அதன் கீழே நடுவிலிருந்து ஓரம்வரை பரவி ஓடும் தடித்த நாளங்கள். அவை எல்லாம் கூடும் இடத்தில் தொப்புள்கொடி கிளம்புகிறது, அரை மீற்றர் நீளத்துக்கு. அதற்குள் இரண்டு நாடிகள், ஒரு நாளம். மருத்துவமாது கதுப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்ப்பார். ஒரு துண்டு உள்ளே தங்கிவிட்டாலும் இரத்தப்போக்கு தாயின் உயிரை வாங்கிவிடலாம். பார்த்து முடித்ததும் அது கழிவாகிவிடும். வீட்டுப் பிரசவம் நடந்த காலத்தில் லயத்துக்குப் பின்னால் நாய் கிளறாத ஆழத்தில் புதைத்தார்கள்.

தாயின் இரத்தம்தான் பிள்ளைக்குள் ஓடுகிறது என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். இருவரின் இரத்தமும் கலப்பதில்லை என்பதை 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஹண்டரும் அவர் தம்பி ஜோன் ஹண்டரும் காட்டினார்கள். கர்ப்பிணியாக இறந்தவர்களின் நாளங்களுக்குள் நிறமேற்றிய மெழுகைச் செலுத்திப் பார்த்தபோது, தாயின் பக்கம் செலுத்தியது பிள்ளையின் நாளங்களுக்குள் போகவில்லை. வில்லியம் ஹண்டரின் பெரிய படநூல் 1774இல் வெளிவந்தது. இரண்டு இரத்தங்களுக்கும் நடுவே நிற்பவை சடைமுளைகள். பிள்ளையின் மயிர்த்துளைக்குழாய்களைச் சுமந்துகொண்டு அவை தாயின் இரத்தக் குளத்துக்குள் தொங்குகின்றன. அவற்றைப் போர்த்தியிருக்கும் படை வியப்பானது. கலங்கள் ஒன்றோடொன்று இணைந்து, இடைச்சுவர்கள் மறைந்து, கோடிக்கணக்கான கலக்கருக்களோடு ஒரே கலமாகிவிட்ட படை அது. இடுக்கே இல்லாததால் எதுவும் இடுக்கு வழியாக நழுவ முடியாது. உள்ளே போகும் ஒவ்வொன்றும் அந்தப் படையைக் கடந்தே ஆகவேண்டும்.

பழைய லயங்களில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 11 சதுர மீற்றர் சொச்சம். நிறைமாத நஞ்சுக்கொடியின் சடைமுளைகள் அனைத்தையும் விரித்துப் போட்டால் அந்தக் காம்பராவின் தரையை முழுவதும் மூடி, வாசலுக்கு வெளியேயும் கொஞ்சம் நீளும். ஒரு குடும்பமே புழங்கும் தரையின் அளவு பரப்பு, இரண்டு கைகளுக்குள் அடங்கும் சதைக்குள் மடிந்திருக்கிறது. அதைக் கழுவிக்கொண்டு நிமிடத்துக்கு அரை லீற்றருக்கு மேல் தாயின் இரத்தம் ஓடுகிறது.

அந்தப் பரப்பை ஒவ்வொரு சத்தும் ஒவ்வொரு விதமாகக் கடக்கிறது. ஒட்சிசன் தானாக ஊடுருவும். பிள்ளையின் ஈமோகுளோபின் பெரியவர்களுடையதைவிட இறுக்கமாக ஒட்சிசனைப் பிடிப்பதால் தாயின் பக்கத்திலிருந்து அது இழுபட்டு வரும். குளுக்கோசு, தாயின் இரத்தத்தில் அதிகமாகவும் பிள்ளையின் இரத்தத்தில் குறைவாகவும் இருப்பதால், தனக்கான காவிப் புரதங்களின் வழியே சரிவில் இறங்குவதுபோல் இறங்கிவிடும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவை தாயிடம் இருப்பதைவிடப் பிள்ளையிடம் அதிகச் செறிவில் இருக்கவேண்டும். ஆகவே நஞ்சுக்கொடி சக்தியைச் செலவழித்து அவற்றை மேட்டில் ஏற்றுகிறது. கல்சியமும் அப்படித்தான். பிள்ளையின் எலும்புக்குப் போகும் 30 கிராம் அளவான கல்சியத்தில் பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில் ஏற்றப்படுவது. இந்த வேலைக்கு நஞ்சுக்கொடிக்கே தீனி வேண்டும். கருப்பைக்கு வந்துசேரும் ஒட்சிசனிலும் குளுக்கோசிலும் கணிசமான பங்கைத் தானே எரித்துவிட்டு மிச்சத்தைத்தான் அது பிள்ளைக்கு அனுப்புகிறது.

காலைச் சாப்பாட்டை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகும் முன் கோதுமை மா ரொட்டி, கொஞ்சம் சம்பல், சீனி போட்ட சாயத்தண்ணி. மலையிலும் அதே ரொட்டி, அதே தேத்தண்ணி. பசி அடங்கும். குளுக்கோசும் வரும், சரிவிலும் இறங்கும். மேட்டில் ஏற்றவேண்டியவைதான் அந்தச் சாப்பாட்டில் போதுமான அளவு இல்லை. பிள்ளையின் தசையையும் மூளையையும் கட்டுவதற்கு முட்டை, பருப்பு, நெத்தலி, பால், கீரை ஆகியவற்றிலிருந்து வரவேண்டியவை அவை. பசி அடங்கிய தாய், தான் போதுமான அளவு சாப்பிட்டுவிட்டதாகத்தான் நினைப்பாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவளுடைய நாட்சம்பளம்.

முதல் வாரங்கள் வேறு கதை. ஏறத்தாழ பத்தாம் வாரம்வரை தாயின் இரத்தம் சடைமுளைகளைத் தாராளமாக எட்டுவதே இல்லை. கருப்பைச் சுவரின் சுரப்பிகள் கசியவிடும் சத்துநீரில்தான் கரு வளர்கிறது. அந்தக் காலத்தில் நஞ்சுக்கொடியின் கலங்கள் கருப்பைச் சுவருக்குள் புகுந்து, தாயின் சுருள்நாடிகளின் தசைச்சுவரை அழித்து, அவற்றை அகன்ற வாய்க்கால்களாக மாற்றுகின்றன. இந்த வேலை அரைகுறையாக நின்றால் பின்னால் இரத்த அழுத்தம், சிறுத்த பிள்ளை என்று பல சிக்கல்கள் வரும். இன்னும் முந்திய ஒன்று உண்டு: பிள்ளையின் நரம்புக்குழாய் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய்ப் பல பெண்கள் கர்ப்பத்தை உறுதிப்படுத்துவதற்குள் அது முடிந்துவிடும். அதற்குத் தேவையான போலிக் அமிலம் முன்கூட்டியே உடம்பில் இருக்கவேண்டும். கலியாணமான கையோடு மருத்துவமாது மாத்திரை கொடுப்பதன் காரணம் இதுதான்.

போலிக் அமிலத்தின் கதை மலையக அடுப்படியோடு தொடர்புள்ளது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் வைத்தியர் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணித் தொழிலாளிகளைப் பீடித்த கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். நீலகிரியின் குன்னூரிலும் சில காலம் வேலை செய்தார். ஈரலைவிட மலிவான மருந்தைத் தேடியபோது மார்மைட் அந்தப் பெண்களைக் குணமாக்கியது. 1931இல் அதை எழுதி வெளியிட்டார். மார்மைட்டில் இருந்தது போலேற்று என்பது பிறகு தெரிந்தது. அதே மார்மைட் போத்தல் இன்றும் இலங்கையின் எத்தனையோ வீட்டு அலுமாரிகளில் இருக்கிறது.

அயடீனை ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். பிள்ளையின் தைரொயிட் சுரப்பி வேலை தொடங்கும்வரை அயடீனைக் கொண்டு தாயின் தைரொயிட் சுரக்கும் ஓமோன்தான் நஞ்சுக்கொடியைக் கடந்து அதன் மூளைக்கு உதவுகிறது. கழலை பரவலாக இருந்த நாட்டில் இதன் பொருள் பெரியது. 1995இலிருந்து இலங்கையில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது கட்டாயம். ஒரு சட்டம் வயிற்றுப் பிள்ளைவரை போய்ச்சேர்ந்ததற்கு இது நல்ல உதாரணம்.

இனி இரும்பு. தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை எல்லாச் சத்தையும்விட இதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு கர்ப்பகாலம் முழுவதற்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவை. அதில் 300 மில்லிகிராம் அளவு பிள்ளைக்கும் நஞ்சுக்கொடிக்கும்; மிச்சத்தின் பெரும்பகுதி பெருகும் தாயின் இரத்தத்துக்கு. மாதவிலக்கில் மாதாமாதம் இரும்பை இழக்கும் பெண்கள் பலருக்குச் சேமிப்பு 300 மில்லிகிராம்கூடத் தேறாது. சடைமுளையின் தாய்ப்பக்க மேற்பரப்பில், இரும்பைச் சுமந்து வரும் டிரான்ஸ்பெரின் புரதத்தைப் பிடிக்கும் வாங்கிகள் நிறைந்திருக்கின்றன. அவை புரதத்தை உள்ளே இழுத்து, இரும்பைக் கழற்றி, வெறும் புரதத்தைத் தாயிடமே திருப்பி அனுப்புகின்றன. தாயிடம் இரும்பு குறைந்தால் நஞ்சுக்கொடி வாங்கிகளைக் கூட்டிக்கொள்ளும். மாமியார் சொன்ன பேச்சில் உள்ள உண்மை இவ்வளவுதான்: ஓர் எல்லைவரை பிள்ளை முந்திக்கொள்கிறது, தாய் வெளிறுகிறாள். அந்த எல்லை தாண்டினால் பிள்ளைக்கும் குறையும். கிடைக்கும் கொஞ்சத்தை அது முதலில் செங்குருதிக் கலங்களுக்குக் கொடுக்கும். மூளை காத்திருக்க நேரும். ஆகவே பிறந்தபோது ஈமோகுளோபின் சரியாக இருக்கும் ஒரு பிள்ளைக்கும் உள்ளே இரும்புக் கையிருப்பு வற்றியிருக்கலாம். முதல் ஆறு மாதத்தைத் தாய்ப்பாலோடு சமாளிக்க அந்தக் கையிருப்புத்தான் உதவவேண்டும்.

இலங்கைத் தேயிலைத் தோட்டப் பெண்களின் இரும்புக்குறை உலக மருத்துவ ஏடுகளில் இடம்பெற்ற விஷயம். கலிபோர்னியாவிலிருந்து வந்த எட்கர்ட்டன், கார்ட்னர் ஆகியோரும் இலங்கை வைத்தியர் சேனவிரத்னவும் சேர்ந்து செய்த ஆய்வு 1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் வந்தது. இரும்புச்சத்துக் கொடுக்கப்பட்ட பெண்கள் அதிகக் கொழுந்து எடுத்தார்கள். ஈமோகுளோபின் மிகக் குறைந்தவர்களிடம் அந்த வித்தியாசம் தெளிவாக இருந்தது. அந்த ஆய்வு அளந்தது உழைப்பை. கூடையின் நிறை கூடியது தோட்டத்துக்கு நல்ல செய்தி. அதே இரும்பு அவள் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கும் வேண்டும் என்பதை நாம் சேர்த்து வாசிக்கவேண்டும்.

அந்த இரும்பு எங்கே போகிறது? ஒரு பகுதி கொக்கிப்புழுவுக்குப் போகிறது. ஈரமண், நிழல், வெறுங்கால் மூன்றும் சேரும் இடத்தில் அதன் குடம்பிகள் பாதத்தைத் துளைத்து ஏறிக் கடைசியில் குடலில் தங்கி இரத்தம் குடிக்கின்றன. தோட்டப்புறக் கர்ப்பிணிகளிடம் அத்துகோரளவும் குழுவினரும் செய்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், இரும்பும் போலேற்றும் மட்டும் பெற்றவர்களைவிட, கூடவே பூச்சி மருந்தும் பெற்றவர்களின் இரத்தம் நன்றாகத் தேறியது. பூச்சி மருந்து பிள்ளையைப் பாதிக்குமோ என்ற பயத்துக்கு நிலாந்தி டி சில்வாவும் குழுவினரும் 1999இல் லான்செட்டில் பதில் சொன்னார்கள். இலங்கையில் 7,000க்கும் அதிகமான பிரசவங்களை ஆராய்ந்தபோது, மெபெண்டசோல் எடுத்த தாய்மாரிடம் பெரிய பிறவிக்கோளாறுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. செத்துப் பிறப்பதும் பிறந்த கையோடு இறப்பதும் குறைவாகவே இருந்தன. முதல் மூன்று மாதத்தில் மட்டும் அதைத் தவிர்க்கவேண்டும்.

இன்னொரு பகுதி தேத்தண்ணியில் தடைபடுகிறது. தேயிலையின் தனின் வகைப் பொருள்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்போடு குடலில் ஒட்டிக்கொள்ளும். அது இரத்தத்தில் ஏறாது. பாணோடும் சோற்றோடும் தேநீர் குடித்தால் இரும்பு ஏறுவது வெகுவாகக் குறையும் என்பதைத் தென்னாப்பிரிக்காவில் செய்யப்பட்டு 1975இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. குளிரும் மழையும் உள்ள மலையில் நிற்கும் பெண்ணிடம் தேத்தண்ணியை விடு என்று சொல்வது நியாயமில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடு என்று சொல்லலாம். இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்காதே, தண்ணீரோடு விழுங்கு. கிளினிக்கில் தரும் விற்றமின் சி மாத்திரையையோ தேசிக்காய்ப் புளியையோ அதோடு சேர்த்துக்கொள். கல்சிய மாத்திரையை வேறு நேரத்துக்கு வை, கல்சியம் இரும்பு ஏறுவதைத் தடுக்கும். மலம் கறுப்பாகப் போகும், வயிறு கொஞ்சம் எரியும், பயப்படாதே என்பதையும் முதல் நாளே சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால் மாத்திரை தகர டப்பாவிலேயே கிடக்கும்.

மலையின் உயரம்தான் பிள்ளைகள் சிறுப்பதற்குக் காரணம் என்போரும் உண்டு. கொலராடோவின் லெட்வில் 3,000 மீற்றருக்கு மேல், பொலிவியாவின் லா பாஸ் 3,600 மீற்றர். அங்கே பிள்ளைகளின் நிறை குறைவது உண்மை. ஹட்டன் 1,270 மீற்றர் அளவில்தான் இருக்கிறது, நுவரெலியா நகரம் 1,868 மீற்றர். இந்த உயரங்களில் ஆரோக்கியமான தாயின் இரத்தம் ஏறத்தாழ முழுமையாகவே ஒட்சிசனை ஏற்றிக்கொள்ளும். மலைமேல் பழியைப் போட இடமில்லை.

உழைப்பின் மேல் போட இடம் உண்டு. கடும் வேலையின்போது இரத்தம் தசைகளுக்குத் திரும்புகிறது, கருப்பைக்குப் போகும் பங்கு குறைகிறது. புனேக்கு அருகே ஆறு கிராமங்களில் நடந்த தாய்மார் போஷாக்கு ஆய்வில், கர்ப்பகாலத்தில் கடுமையாக வேலை செய்த பெண்களின் பிள்ளைகள் சிறியவர்களாகப் பிறந்ததை 2003இல் எழுதினார்கள். அவர்கள் வயல்வேலையும் தண்ணீர் சுமப்பதும் செய்தவர்கள். கொழுந்து எடுப்பவள் நாள்முழுதும் சரிவில் நிற்கிறாள், இடுப்பில் படங்கு, தலையில் கயிறு, முதுகில் கூடை, நிறுக்கும் இடம்வரை ஏற்றமும் இறக்கமும். சட்டப்படி அவளுக்குச் சம்பளத்தோடு பிரசவ லீவு 12 வாரம். அதில் பிரசவத்துக்கு முன்னால் கிடைப்பது இரண்டு வாரம். கல்சியமும் இரும்பும் அமினோ அமிலமும் நஞ்சுக்கொடி வழியாக அதிகம் ஏறுவது கடைசி மூன்று மாதத்தில். ஏழாம் மாதத்திலிருந்தாவது பேர் (முழுநாள் சம்பளம்) குறையாமல் இலேசான வேலை அவளுக்கு உரிமையாகக் கிடைக்கவேண்டும். தோட்டத் துரையின் மனதைப் பொறுத்த சலுகையாக அது இருப்பதை நான் ஏற்கவில்லை.

வரவு குறைந்தால் நஞ்சுக்கொடி என்ன செய்கிறது? தாயின் இரத்தத்தில் அமினோ அமிலம் எவ்வளவு, இன்சுலின் எவ்வளவு, ஒட்சிசன் எவ்வளவு என்று அதன் கலங்கள் உணர்கின்றன. குறைந்தால் தன் காவிகளின் வேலையைக் குறைத்து, பிள்ளையின் வளர்ச்சியை வரவுக்கேற்பக் கட்டுப்படுத்துகின்றன. அப்படிச் சிறுத்துப் பிறந்தவர்கள் பின்னாளில் இதயநோய்க்கும் நீரிழிவுக்கும் அதிகம் ஆளாவதை 1980களிலிருந்து டேவிட் பார்க்கர் இங்கிலாந்தின் பழைய பிறப்புப் பதிவுகளிலிருந்து எடுத்துக்காட்டினார். மைசூர் ஹோல்ட்ஸ்வேர்த் வைத்தியசாலையில் 1934இலிருந்து காத்துவைக்கப்பட்ட பதிவுகளும் தெற்காசியாவுக்கு இதே கேள்வியைக் கொண்டுவந்தன. புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக் கண்டது இன்னும் நுட்பமானது. அங்கே சராசரி 2.7 கிலோவில் பிறந்த பிள்ளைகள், 3.5 கிலோ ஆங்கிலப் பிள்ளைகளோடு ஒப்பிடும்போது தசையில் மிக மெலிந்தவர்கள்; தோலடிக் கொழுப்பை மட்டும் ஓரளவு காப்பாற்றிக்கொண்டவர்கள். ரொட்டியையும் சீனியையும் நம்பிய கர்ப்பங்களில் என்ன நடக்கலாம் என்பதை இந்த உடல்வாகு நமக்கு உணர்த்துகிறது.

நஞ்சுக்கொடியைக் காவல் என்று நினைப்பதும் பாதி உண்மைதான். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையின் நிக்கொட்டீனும் பாக்கின் அரிக்கொலினும் அதைக் கடக்கும், மதுவும் கடக்கும். புகைபோக்கி இல்லாத காம்பராவில் விறகடுப்பின் காபன் மொனொக்சைட்டும் கடந்து ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதே நஞ்சுக்கொடி, தாய்க்கு ஏர்ப்பு ஊசி போட்டால் அந்த எதிர்ப்புப் புரதங்களைத் தேடிப் பிடித்துப் பிள்ளைக்குள் ஏற்றுகிறது. பிறந்த சில நாளில் பிள்ளைகளைக் கொன்ற ஏர்ப்புநோயை இலங்கை விரட்டியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

1973இலிருந்து அரசு கொடுக்கும் திரிபோஷ சத்துமாவில் சோளமும் சோயாவும் இருக்கின்றன. கர்ப்பிணிக்கு மாதம் 750 கிராம் பொதி இரண்டு. 2015இல் மாதம் 2,000 ரூபா பெறுமதியான உணவுப் பொதியும் பத்து மாதத்துக்கு வந்தது. அறிவியல் கேட்பதோடு இவை ஒத்துப்போகின்றன. ஆனால் காம்பராவில் நாலு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தி மட்டும் உருண்டை பிடித்துச் சாப்பிடமாட்டாள். திரிபோஷப் பொதி இரண்டும் பத்து நாளில் தீரும். தாயின் பங்கு அவளுக்கே போய்ச்சேரவேண்டுமானால், வீட்டில் உள்ள மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கணக்குப் போடவேண்டும்.

காசே செலவில்லாத ஒரு பங்கும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. பிள்ளை வெளியே வந்த பிறகும் தொப்புள்கொடி சில நிமிடம் துடித்துக்கொண்டிருக்கும். நஞ்சுக்கொடியில் மிஞ்சிய இரத்தம் அதன் வழியே பிள்ளைக்கு இறங்கும். கொடியை உடனே இறுக்கி வெட்டினால் அந்த இரத்தம் கழிவோடு போய்விடும். ஒன்றிலிருந்து மூன்று நிமிடம் பொறுத்தால் 80 முதல் 100 மில்லிலீற்றர்வரை பிள்ளைக்குச் சேரும். அதிலுள்ள இரும்பு பல மாதத்துக்கு உதவும். மூச்சுத் திணறி உடனடிச் சிகிச்சை தேவைப்படும் பிள்ளைகளைத் தவிர மற்ற எல்லாருக்கும் ஒரு நிமிடத்துக்கு முன் கொடியை இறுக்கவேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்தசோகையுள்ள தாய்மார் வரும் டிக்கோயா, நுவரெலியா போன்ற வைத்தியசாலைகளின் பிரசவ அறைகளில் அந்த மூன்று நிமிடம் மற்ற எந்த இடத்தையும்விடப் பெறுமதியானது. கர்ப்பிணிகளின் கிளினிக்கிலேயே, மாத்திரைகளைப் பற்றிச் சொல்லும்போது, இதையும் கேட்டு வாங்கும்படி தாயிடம் சொல்லி அனுப்பலாம்.